எந்தத் திரையில் பார்த்தாய்?

சென்ற மாதம் என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலை நெறியாளரிடமிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டேன். அவர் மறுக்கவில்லை, நானே கேட்டு வாங்கினேன். காரணம் என்னவென்று நண்பர்கள் சிலர் உள்பெட்டியில் கேட்டார்கள். தனித்தனியே எழுதுவதைவிட இங்கே விரிவாக எழுதிவிடுகிறேன். பழைய புகைப்படம், ஓவியம், துணி, ஓலைச்சுவடி என எதையாவது கணினித் திரையில் பார்த்து, அதன் நிறத்தைப் பற்றி ஒரு வரியேனும் எழுதுகிறவர்களுக்கு இது உதவக்கூடும்.

என் ஆய்வு மும்பைத் தமிழர்களின் ஸ்டுடியோப் புகைப்படங்களைப் பற்றியது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைக்க வந்து தாராவியிலும், மாட்டுங்கா லேபர் கேம்பிலும், செம்பூரிலும், நான் இப்போது குடியிருக்கும் குர்லாவிலும் தங்கிவிட்ட குடும்பங்களின் டிரங்குப் பெட்டிகளில் கிடைத்தவை அவை. முதல் இரண்டு இயல்களில் கறுப்பு வெள்ளைப் படங்கள். மூன்றாம் இயலில் 1970களின் இறுதிக்குப் பிறகு வந்த வண்ணப் படங்கள். அந்த இயலின் வாதத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: ஸ்டுடியோக்கள் மணப்பெண்களின் தோலை வெளுப்பாக்கின.

இந்த வாதத்திற்கு ஒரு பின்னணி உண்டு. கோடாக் நிறுவனம் வண்ண அச்சகங்களுக்கு ஒரு மாதிரி அட்டையை அனுப்பிவந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும்; அவளுடைய தோல் சரியாக வந்தால் அச்சு சரி என்று பொருள். முதலில் படத்திற்கு நின்ற ஊழியரின் பெயரால் அதை ‘ஷெர்லி அட்டை’ என்றே அழைத்தார்கள். கனடா நாட்டு ஆய்வாளர் லோர்னா ராத் 2009இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரையைப் படித்த நாளிலிருந்து எனக்கு உறக்கமில்லை. வெள்ளைத் தோலை அளவுகோலாகக் கொண்ட ஒரு தொழில்நுட்பம் தாராவியின் மணப்பெண்ணை என்ன செய்திருக்கும்? விடையை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டுதான் படங்களைத் தேடப் போனேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

துறைக் கருத்தரங்கில் அந்த இயலைப் படித்தேன். என் அத்தையின் திருமணப் படம்தான் முதற்சான்று. 1983ஆம் ஆண்டு, லேபர் கேம்ப் பக்கம் இருந்து பின்னர் மூடப்பட்ட ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. ‘முகம் எவ்வளவு வெளுத்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள்’ என்று கூறி ஒளிப்படவீழ்த்தியின் பக்கம் கையை நீட்டினேன். திரையில் அத்தையின் முகம் நல்ல மாநிறமாக, சற்றுப் பழுப்பாகவே தெரிந்தது. யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் அமர்ந்திருந்த பேராசிரியர் ஒருவர் மட்டும் மிக மரியாதையாகக் கேட்டார்: “இந்தப் படத்தை எந்தத் திரையில் பார்த்தீர்கள்?”

கருவி சரியில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். வீட்டிற்கு வரும் வழியில், குர்லா நிலையத்தின் நடைமேம்பாலத்தில் நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தபோது அந்தக் கேள்வி வேறு விதமாகத் திரும்பியது. வீழ்த்தி பொய் சொன்னது என்றால், என் மடிக்கணினி மெய் சொன்னது என்பதற்கு என்னிடம் என்ன சான்று?

அன்றிரவு என் பதிவேட்டைத் திறந்தேன். முந்நூறுக்கும் மேற்பட்ட படங்களை ‘இயல்பு’, ‘சற்று வெளுப்பு’, ‘மிகு வெளுப்பு’ என்று மூன்றாகப் பிரித்து வைத்திருந்தேன். ஒரே படத்தின் பிரதி இரண்டு குடும்பங்களில் இருந்திருக்கிறது. தெரியாமல் இருமுறை பதிந்திருக்கிறேன். ஆகஸ்ட் மாதக் காலையொன்றில் அதற்கு நான் அளித்த தீர்ப்பு ‘மிகு வெளுப்பு’. டிசம்பர் மாத இரவொன்றில் அதே படத்திற்கு அளித்த தீர்ப்பு ‘இயல்பு’. அதே கண், அதே மடிக்கணினி.

காரணங்களைத் தேட அதிக நேரம் ஆகவில்லை. மாலை மங்கியதும் திரையை மஞ்சளாக்கி நீலத்தைக் குறைக்கும் ‘இரவு ஒளி’ வசதி என் கணினியில் தானாக இயங்கிக்கொண்டிருந்தது. கண்ணுக்கு நல்லது என்று எப்போதோ நானே இயக்கிவிட்டது. பகலில் வேறொரு சிக்கல். குர்லா மேற்கில் என் அறையின் சன்னலுக்குக் கீழே தகரக் கூரைகள். மழைக்கு முன்பாக எல்லாக் கூரைகளிலும் நீலத் தார்ப்பாய் விரித்துவிடுவார்கள். சூன் முதல் செப்டம்பர் இறுதிவரை வெளிச்சம் அந்த நீலத்தில் பட்டுத்தான் என் அறைக்குள் வரும். அதைப் போதாததற்கு வீட்டுக்காரர் அடித்து வைத்த ரோஜா நிறச் சுவர். இத்தகைய அறையில் அமர்ந்துதான் மனிதர்களின் தோல்நிறத்தைப் பற்றித் தீர்ப்பு வழங்கிக்கொண்டிருந்தேன்.

அளவுத்திருத்தம் என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர் அல்லர். எங்கள் தெருவில் கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் தூத்துக்குடித் தம்பி ஒருவர். அவரது பத்துக்குப் பத்து கடையில் இரண்டு மானிட்டர்கள். சுவர் முழுதும் மங்கிய சாம்பல் நிறம். குழல்விளக்கு திரையில் படாதபடி அட்டையால் மறைப்பு. அழகுணர்ச்சி இல்லாத கடை என்று நான் முன்பு எண்ணியதுண்டு. ஒருமுறை திரையில் பளிச்சென்று இருந்த ஆல்பம் முழுவதும் அச்சில் இருண்டு வந்து, மறு அச்சுக்குக் கைப்பணம் கொடுத்த பிறகு கற்றுக்கொண்ட பாடம் அது என்றார். கடைக்காரர்கள் திரையின் வெளிச்சத்தை முழுதாக ஏற்றி வைத்துக்கொள்வார்கள். அந்த வெளிச்சத்துக்கு ஏற்பப் படத்தை இருட்டாக்குவார்கள். காகிதத்துக்கோ சொந்த வெளிச்சம் கிடையாது. திரை பிரகாசமாக இருக்கப் படம் கருப்பாக வருவது இதனால்தான்.

தன் நிறமானியை ஒரு வாரம் இரவல் தந்தார். உள்ளங்கையில் அடங்கும் ஒரு கறுப்பு வில்லை. அதைத் திரைமீது தொங்கவிட வேண்டும். அதற்கு முன் திரை அரைமணி நேரமாவது எரிந்திருக்க வேண்டும். குளிர்ந்த திரையின் நிறம் நிலைகொள்ளாது. மூன்று இலக்குகளை நாம் முதலில் முடிவு செய்கிறோம்: வெள்ளை எந்த வெள்ளை, அது எவ்வளவு பிரகாசம், கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவிலுள்ள படிகள் எந்த வேகத்தில் ஏறுகின்றன. நான் எடுத்துக்கொண்டவை 6500 கெல்வின், சதுர மீட்டருக்கு 100 கேண்டெலா, காமா 2.2. பின்னர் மென்பொருள் சிவப்பு, பச்சை, நீலம், சாம்பல் என்று நூற்றுக்கணக்கான கட்டங்களைத் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டுகிறது. தான் அனுப்பிய எண்ணுக்குத் திரை உண்மையில் காட்டிய நிறம் என்ன என்பதை வில்லை அளக்கிறது. ஆர்கில் என்ற கட்டற்ற மென்பொருள் இதற்குப் போதும், காசு செலவில்லை.

இங்கே இரண்டு செயல்கள் நடக்கின்றன. என்னைப் போல் குழப்பிக்கொள்ள வேண்டாம். திரையை இலக்குக்கு இயன்றவரை நெருக்கமாகக் கொண்டுவருவது அளவுத்திருத்தம். அதன் பிறகும் எஞ்சியிருக்கும் பிழைகளை எழுதி வைத்து, படம் பார்க்கும் மென்பொருளிடம் ஒப்படைப்பது நிறவிவரக் கோப்பு. தராசின் முள்ளைச் சரிசெய்வது ஒன்று. ‘இந்தத் தராசு இவ்வளவு கூடக் காட்டும்’ என்று சீட்டு எழுதித் தொங்கவிடுவது மற்றொன்று. சீட்டைப் படிக்கத் தெரியாத மென்பொருளில் படத்தைத் திறந்தால் இரண்டாவது வேலை வீண்.

என் மடிக்கணினியின் அறிக்கை வந்தபோது, பரிசோதனைக்கூடத்தில் இரத்த அறிக்கைக்காகக் காத்திருந்தவள் போல் இருந்தேன். வெள்ளை என்று அது காட்டியது நல்ல நீலம். இணையத்திலுள்ள படங்களுக்கெல்லாம் அடிப்படையான எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் மூன்றில் இரண்டு பங்கைக்கூட அதனால் காட்ட முடியவில்லை. மலிவு விலை மடிக்கணினிகளில் இது வழக்கம்தான் என்றார் தம்பி. எல்லாவற்றையும்விட என்னை உறைய வைத்தது இருண்ட நிறங்களின் வளைகோடு. அடர் பழுப்பின் பல படிகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே படியாகியிருந்தன. கறுத்த தோலின் நுண்வேறுபாடுகளைப் பற்றி ஓர் இயலே எழுதியவள், அந்த வேறுபாடுகளைக் காட்ட இயலாத ஒரு கண்ணாடி வழியாகத்தான் அவற்றைப் பார்த்திருக்கிறாள்.

மடிக்கணினித் திரையைத் திருத்தி மீட்க முடியாது என்று தெரிந்ததும், லேமிங்டன் சாலையில் பழைய மானிட்டர் ஒன்று வாங்கினேன். அதை அளவுத்திருத்தி முடித்து முதன்முறை பார்த்தபோது அழுகையே வந்தது. வெள்ளை, அழுக்காக, நீலம் போடாத வேட்டிபோல மஞ்சளடித்துத் தெரிந்தது. ஏதோ பிழை செய்துவிட்டேன் என்று மீண்டும் ஒருமுறை ஓட்டினேன், அதே மஞ்சள். கால் மணி நேரம் அதிலேயே வேலை செய்த பிறகு அது வெள்ளையாகிவிட்டது. திரும்பி மடிக்கணினியைப் பார்த்தேன். சொட்டு நீலம் அளவுக்கு மீறி விழுந்த வேட்டி. இத்தனை ஆண்டுகள் அதைத்தான் தூய வெள்ளை என்று நம்பியிருக்கிறேன். துணிக்கு நீலம் போடும் நாம் இதில் வியப்படைய ஒன்றுமில்லை. கண் தனக்குக் கிடைத்த வெளிச்சத்தை வெள்ளை என்று ஏற்றுக்கொண்டு மற்றவற்றை அதற்கேற்பக் கணக்கிடுகிறது. அதனால்தான் கண்ணை மட்டும் நம்பித் திரையைத் திருத்த முடியாது.

(ஒரு கிளைக்குறிப்பு. இந்த நிறமானி யாருடைய கண்ணைப் பின்பற்றுகிறது? 1931இல் பன்னாட்டு ஒளியியல் ஆணையம் வகுத்த ‘நியமப் பார்வையாளர்’ கண்ணை. அது இங்கிலாந்தில் ரைட், கில்ட் என்ற இருவர் தனித்தனியே செய்த சோதனைகளிலிருந்து வந்தது. முன்னவர் 10 பேரையும் பின்னவர் 7 பேரையும் சோதித்தார்கள். ஆக 17 பேர். உலகிலுள்ள எல்லாத் திரைகளின் நிற எண்களும் அந்த 17 பேரின் கண்களில் போய் முடிகின்றன. ஷெர்லியைப் பற்றி எழுதிய கையோடு இதைப் பற்றியும் ஆவேசமாக எழுதலாம் என்று முதலில் தோன்றியது. இப்போது தயக்கம். தோலுக்கு ஒரு முகத்தை அளவுகோலாக்குவதும், விழித்திரை மூவகை ஒளிக்கு எப்படி இசைகிறது என்பதைச் சிலரிடம் சோதிப்பதும் ஒரே வகைத் தவறு என்று சொல்ல என்னிடம் சான்றில்லை. நம் சி. வி. ராமன் முதுமையில் நிறப்பார்வையைப் பற்றியே சிந்தித்து 1968இல் ஒரு நூல் வெளியிட்டார். ஏற்கப்பட்ட கொள்கையோடு அதில் கடுமையாக முரண்பட்டார். அறிவியல் உலகம் அவர் பக்கம் போகவில்லை. ஆவேசம் மட்டும் போதாது என்பதற்காகச் சொல்கிறேன்.)

திரை சரியானதும் அடுத்த ஓட்டை தெரிந்தது. படங்களை நகலகத்தில் வருடிக் கொடுத்திருந்தார்கள். உடன் எந்த நிற அட்டையும் இல்லை. மூலத்தின் நிறத்துக்கும் கோப்பின் நிறத்துக்கும் உள்ள உறவை இனி யாராலும் மீட்க முடியாது. ஆகவே வீடு வீடாகத் திரும்பப் போய்ப் படங்களை மறுபடி எடுக்கத் தொடங்கினேன். இம்முறை 24 கட்டங்கள் கொண்ட நிற அட்டையைப் பக்கத்தில் வைத்து. 1976இல் உருவான அந்த அட்டையின் முதல் இரண்டு கட்டங்கள் எவை தெரியுமா? கறுத்த தோல், வெளுத்த தோல். இரண்டும் அருகருகே.

சரி, திரையும் திருந்திவிட்டது, கோப்பும் திருந்திவிட்டது. அத்தையின் முகம் இப்போது எப்படி இருந்தது? வெளுப்பாகத்தான் இருந்தது. சற்றே செம்மை படர்ந்த வெளுப்பு. ‘என் வாதம் தப்பித்தது’ என்று ஒரு நாள் முழுக்க மகிழ்ந்திருந்தேன்.

மறுநாள் ஹென்றி வில்ஹெல்ம் 1993இல் வெளியிட்ட, வண்ணப் புகைப்படங்களின் ஆயுளைப் பற்றிய பெரிய நூலைப் புரட்டினேன். வண்ணக் காகிதத்தில் மூன்று சாயங்கள்: சயான் என்னும் பசுநீலம், மெஜந்தா, மஞ்சள். அக்காலக் காகிதங்கள் பலவற்றில், இருட்டில் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தாலும் சயான் தானாகவே சிதையும். வெப்பமும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். மும்பையில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. சயான் போனால் படம் வெளிறும், செம்மை ஏறும். கறுத்த தோலுக்கு அடர்த்தி கொடுப்பதில் சயானுக்குப் பெரும்பங்கு உண்டு. அது கரையக் கரைய முகம் சிவக்கும்.

தமிழில் வெளுத்த தோலை நாம் வெள்ளை என்பதில்லை, சிவப்பு என்கிறோம். ‘பொண்ணு செவப்பு’ என்றால் மணச்சந்தையில் அதன் பொருள் எல்லோருக்கும் தெரியும். நேர்காணலுக்குப் போன வீடுகளில் மூதாட்டிகள் ஆல்பத்தைத் தடவிக்கொண்டே ‘அப்பம் நான் நல்ல செவப்பா இருந்தேன்’ என்று சொல்வதை எத்தனை முறை ஒலிப்பதிவு செய்திருப்பேன். ஆண்டுதோறும் ஒரு சாயம் சிதைந்துகொண்டே வர, ஆல்பத்திலுள்ள பெண்கள் ஆண்டுதோறும் சிவந்துகொண்டே வந்திருக்கிறார்கள். நினைவு அதைப் பின்தொடர்ந்திருக்கிறது. நான் அதையே ஸ்டுடியோக்காரரின் குற்றமாக எழுதி வைத்திருந்தேன்.

சாயம் எவ்வளவு போயிருக்கிறது என்று அறிய, படத்திலுள்ள ஏதேனும் ஒரு பொருள் இன்றும் மாறாமல் கையில் இருக்க வேண்டும். 90 அடி சாலைக்குப் பின்புறம் அத்தை வீட்டுக்குப் போய்க் கல்யாணச் சேலை இருக்கிறதா என்று கேட்டேன். டிரங்குப் பெட்டியின் அடியில், பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்திருந்தார். படத்தில் தக்காளிச் சிவப்பாகத் தெரிந்த சேலை, கையில் நல்ல அரக்கு. வெளிச்சமே படாத உள்மடிப்பைப் பிரித்து, படத்தையும் நிற அட்டையையும் அதன்மேல் வைத்து, நண்பகலில் வாசல் நிழலில் எடுத்தேன். வீடு திரும்பி, திரையில் சேலை அரக்காகும்வரை சயானை ஏற்றினேன். இது திட்டவட்டமான மீட்பு அன்று, ஒரு மதிப்பீடுதான். பட்டும் நாற்பது ஆண்டுகளில் ஏதேனும் மாறியிருக்கும். ஆனாலும் அரக்கு திரும்ப வந்தபோது அத்தையின் கையும் அவரது நிறத்துக்கு வந்தது. நான் தூக்கிவைத்துக் கொஞ்சப்பட்ட அதே கை.

முகம் மட்டும் முழுதாக வரவில்லை. தாடைக்குக் கீழே ஒரு கோடு தென்பட்டது. அதற்கு மேலே ஒரு நிறம், கழுத்தில் வேறொரு நிறம். என் பழைய திரை ஒன்றாகக் குழைத்துவிட்டிருந்த அதே இருண்ட படிகளில்தான் இந்த வேறுபாடு ஒளிந்திருந்தது. சாயச் சிதைவைக் கொண்டு இதை விளக்க முடியாது. சிதைவு ஒரே காகிதத்தில் முகத்தை ஒரு விதமாகவும் கழுத்தை ஒரு விதமாகவும் நடத்தாது. தூரிகை வேலையா என்று உருப்பெருக்கியில் அச்சைத் தேடினேன். காகிதத்தின் மேற்பரப்பில் எந்தத் தடமும் இல்லை.

படத்தை அச்சிட்டு எடுத்துக்கொண்டு மறுபடி தாராவிக்குப் போனேன். அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு பார்வைதான் பார்த்தார்.

“பவுடர்லா, ஏட்டி.”

“ஸ்டுடியோக்காரர் போட்டுவிட்டாரா அத்தை?”

“அவரு ஏன் போடணும்? கண்ணாடிக்கு முன்னால டப்பா கெடந்துச்சு, சீப்பு கெடந்துச்சு. நானே எடுத்துப் போட்டேன். அவரு, நேரமாச்சி வாம்மான்னு கத்திக்கிட்டுக் கெடந்தாரு.”

“கழுத்துக்கு ஏன் போடவில்லை?”

“கழுத்துல கெடக்கது இரவல் நகைலா. பவுடர் அப்பிட்டுன்னா உங்க பெரியாச்சி கொன்னே போட்டிருப்பாவ.”

ஷெர்லி அட்டையும் சயானும் காமாவும் நிறைந்த என் இயலில் இரவல் நகைக்கு இடமே இருக்கவில்லை. இப்போது அதற்கு இடம் ஒதுக்கி மறுபடி எழுதுகிறேன். வாதம் முழுவதும் போய்விடவில்லை. கேமராவுக்கு முன் உட்காருமுன்பே ஒரு மணப்பெண் டப்பாவை நோக்கிக் கை நீட்டியது ஏன் என்ற கேள்வி அப்படியேதான் நிற்கிறது. பழைய கேள்வியைவிட அது கடினமானது. மற்ற படங்களிலும் தனித்த நிறத்தை மதிப்பிடுவதை விட்டுவிட்டு, ஒரே படத்துக்குள் முகம், கழுத்து, கை மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் ஒப்பிட்டு வருகிறேன். மாதம் ஒருமுறை திரையை அளக்கிறேன். சன்னலுக்குச் சாம்பல் நிறப் போர்வை தொங்குகிறது; வீட்டுக்காரர் அதைப் பார்த்து, யாருக்கேனும் உடல்நலமில்லையா என்று கேட்டார். ஆய்வுமுறை பற்றிய பகுதியில் திரை, இலக்கு எண்கள், அளந்த நாள், அறையின் வெளிச்சம் ஆகியவற்றை எழுதிச் சேர்த்திருக்கிறேன். உங்கள் ஆய்வேடுகளிலும் அந்த நான்கு வரிகளைக் காண விரும்புகிறேன்.

கிளம்பும்போது இரண்டு அச்சுகளையும் அத்தையிடம் கொடுத்தேன்: பெட்டியிலிருந்த சிவந்த படம், நான் மதிப்பிட்டுத் திருத்திய படம். புத்தகத்தில் எதைப் போடுவாய் என்று கேட்டார். இரண்டையும் போடுவேன் என்றேன்.

“செவப்பா இருக்கத மொதல்ல போடு” என்றார்.

அந்த வரிசையிலேயே போட்டிருக்கிறேன்.